திறப்பதா, மூடுவதா: ஓலே ஃபாங்கரின் ஆய்வும் வட சென்னையின் அறைகளும்

மனித உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். மூட்டை தூக்குபவருக்கு இது மூன்று, நான்கு மடங்காகும். வெளியேறும் வழிகள் மூன்று. தோலைத் தொட்டுச் செல்லும் காற்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும். சுற்றியுள்ள சுவரும் கூரையும் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் கதிர்வீச்சாக ஒரு பங்கு அவற்றுக்குப் போகும். மிச்சம் வியர்வை ஆவியாவதால் போகும். காற்று 36 டிகிரி செல்சியஸைத் தொட்டு, கூரை அதைவிடச் சூடேறிவிட்டால் முதல் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. சுட்ட கூரை உடலின் மேல் வெப்பத்தைக் கொட்டவும் செய்கிறது. எஞ்சுவது வியர்வை ஒன்றுதான். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அதுவும் ஆவியாகாமல் தோலிலேயே வழிகிறது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சித்திரை, வைகாசி இரவுகளின் புழுக்கம் இந்த மூன்று வழிகளும் ஒருசேர நெருக்கப்படுவதால் வருவது.

அறைக்குள் மனிதர் உணரும் வெப்பத்தையும் சுவாசிக்கும் காற்றையும் அளந்து கணக்கிடுவது இன்று பொறியியலில் ஒரு தனித்துறை. அதற்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் போவ்ல் ஓலே ஃபாங்கர் (1934–2006). டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அமைந்த அவரது ஆய்வு வாழ்க்கை இரண்டு பாதிகளாகப் பிரியும். முதல் பாதி வெப்பம் பற்றியது; இரண்டாம் பாதி காற்றின் தூய்மை பற்றியது. பாடநூல்களிலும் இவை இரண்டு தனி அத்தியாயங்கள்தான். வட சென்னையில் இவற்றைப் பிரித்துப் படிக்க முடியாது. வெப்பத்தைத் தணிக்கும் காற்றும் நுரையீரலைக் கெடுக்கும் தூசியும் அங்கே ஒரே ஜன்னல் வழியாக வருகின்றன.

ஆறு அளவுகள்

ஃபாங்கருக்கு முன்னரே இத்துறையில் பலர் உழைத்திருந்தனர். காற்றின் வெப்பநிலையைக் காட்டிலும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் அளவே உழைப்பவரின் தாங்குதிறனைத் தீர்மானிக்கிறது என்று ஜே. எஸ். ஹால்டேன் 1905-இல் காட்டினார். 1923-இல் அமெரிக்காவின் ஹூட்டன், யாக்லூ இருவரும் வெப்பம், ஈரம், காற்று வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை வகுத்தனர். கூரையும் சுவரும் வீசும் வெப்பத்தை அளக்கக் கறுப்பு வண்ணம் பூசிய செம்பு உருண்டைக்குள் வெப்பமானியைப் பொருத்தும் வழியை வெர்னன் 1930-களில் கொண்டுவந்தார்.

இந்தச் சிதறிய அறிவை ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஃபாங்கர். காற்றின் வெப்பநிலை, சுற்றுப்பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகிய நான்கும் அறையைச் சேர்ந்தவை. உடுத்திய துணி, செய்யும் வேலை ஆகிய இரண்டும் ஆளைச் சேர்ந்தவை. இந்த ஆறும் தெரிந்தால், ஓர் அறையில் இருக்கும் பெரும் எண்ணிக்கையிலான மனிதர்கள் அதைச் சராசரியாக எப்படி உணர்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடுங்குளிருக்கு மைனஸ் 3, கடும் வெப்பத்துக்குப் பிளஸ் 3, நடுநிலைக்குச் சுழி என்பது அளவுகோல். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அறையில் 1,296 மாணவர்களிடம் பெற்ற தரவும், டென்மார்க்கில் இளையோர் 128 பேர், முதியோர் 128 பேரிடம் அவரே நடத்திய சோதனைகளும் இதற்கு அடிப்படை. 1970-இல் வெளிவந்த அவரது நூல் துறையின் மூலநூலானது. 1984-இல் அவரது முறை ஐ.எஸ்.ஓ. 7730 என்னும் உலகத் தர நிர்ணயமாகவும் ஆனது.

அவரது கணக்கில் அடக்கமான ஒரு முடிவு உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. அறை எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும் அதில் இருப்போரில் குறைந்தது 5 சதவீதம் பேருக்கு அது பிடிக்காது. எல்லோருக்கும் ஏற்ற ஒரே வெப்பநிலை கிடையாது என்பதை அந்தச் சமன்பாடே ஒப்புக்கொள்கிறது.

வெப்ப நாடுகளின் மறுமொழி

சோதனை அறையில் பிறந்த சமன்பாடு உலகெங்கும் அலுவலகங்களை 22, 23 டிகிரிக்குக் குளிர்விக்கும் வழக்கத்துக்குத் துணைநின்றது. கோட்டும் சூட்டும் அணிந்து அசையாத காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண் பொருந்தும். வேட்டி, பருத்திப் புடவை, கைலி, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, தேவைப்பட்டால் மொட்டைமாடி என்று வாழும் மக்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் வெப்ப நாடுகளின் வீடுகளுக்குள் போய் அளந்தவர்கள்.

1950-களில் சிங்கப்பூரில் சார்லஸ் வெப் அளந்தார். பின்னர் ரூர்க்கியிலும் பாக்தாத்திலும் திரட்டப்பட்ட தரவை ஃபெர்கஸ் நிக்கல் 1974-இல் ஆராய்ந்தபோது, காற்று அசைந்துகொண்டிருந்தால் 30 டிகிரிக்கு மேலும் மக்கள் நலமாக உணர்வது தெரிந்தது. ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் எம். ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் தொடர்ந்து மூன்று கோடைகளில் ஆய்வு செய்து, 1986-இல் வெப்பமண்டலக் கோடைக் குறியீடு ஒன்றை வெளியிட்டனர். இந்திய உடலை, இந்தியக் கோடையில், இந்திய உடையில் வைத்து அமைத்த இந்தக் குறியீட்டுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. அதன் எளிய வடிவத்தை ஒரு மேஸ்திரிகூடக் கையில் வைத்துக்கொள்ளலாம்: ஈரக்குமிழ் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு, கறுப்பு உருண்டை வெப்பமானி காட்டும் அளவில் முக்கால் பங்கு, இரண்டையும் கூட்டி, வினாடிக்கு மீட்டரில் சொன்ன காற்று வேகத்தின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். விடை 25-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் சுகம். 30 முதல் 34 வரை லேசான வெக்கை.

சென்னை இந்த ஆய்வுகளுக்குள் நேரடியாக வந்தது பின்னர்தான். மாதவி இந்திரகாந்தியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2012–13-இல் சென்னை, ஐதராபாத் நகரங்களின் 28 அலுவலகக் கட்டடங்களில் 2,787 பேரிடமிருந்து 6,048 பதில்களைத் திரட்டினர். ஜன்னல் திறந்த அறைகளில் சுகமான வெப்பநிலை 28 டிகிரி, ஏ.சி. ஓடும் அறைகளில் 26.4. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகக் குழு 2014-இல் முன்வைத்த இந்தியத் தகவமைப்பு மாதிரியில், ஐந்து நகரங்களுள் வெப்ப-ஈரத் தட்பவெப்பத்தின் சார்பாக நின்றது சென்னை. அதன்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் நடுநிலை வெப்பநிலை என்பது வெளிக்காற்றின் அண்மைச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால் வருவது. கத்திரி நாட்களில் அந்தச் சராசரி 32 டிகிரி என்றால் நடுநிலை 30.1. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்கும் எல்லை அதற்கு மேலும் கீழும் 2.4 டிகிரி. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இம்மாதிரி இடம்பெற்றது.

ஃபாங்கர் இந்த எதிர்ப்பைக் காதில் வாங்காமல் இருந்துவிடவில்லை. 2002-இல் யோர்ன் டாஃப்டமுடன் எழுதிய கட்டுரையில், ஏ.சி. இல்லாத வெப்ப நாட்டுக் கட்டடங்களுக்குத் தம் சமன்பாட்டின் விடையை எதிர்பார்ப்புக் காரணி ஒன்றால் குறைத்துக்கொள்ள வழிசெய்தார். பாங்காக் மக்களுக்கு அது 0.6, சிங்கப்பூருக்கு 0.7. வெப்பத்தோடு வாழ்ந்து பழகியவர் அதைக் குறைவாகவே குறை சொல்வார் என்பது இதன் கருத்து. ஆனால், பழகிப்போனதற்கும் உடல் தாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. குறை சொல்லாதவரின் சிறுநீரகமும் இதயமும் அதே அளவு உழைக்கின்றன. அந்தக் காரணியைக் குடிசைப் பகுதிகளுக்குப் பயன்படுத்தும் எவரும் இதை மறக்கக் கூடாது.

கூரை

வட சென்னையின் வெப்பம் பெரிதும் கூரையிலிருந்து வருகிறது. 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் உயர்ந்த கூரையும் தூண் வரிசையும், பழைய தெருக்களில் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் இதை அறிந்து கட்டப்பட்டவை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தட்டோடு பதித்த அந்தக் கூரை பகல் வெப்பத்தை உள்ளே விடுவதற்குள் மாலையாகிவிடும், உயரமும் கைகொடுக்கும். அதன் இடத்தில் வந்த ஐந்து அங்குல கான்கிரீட் தளம், மேலே அந்த ஜல்லிக் கலவையும் தட்டோடும் இல்லாமல் விடப்பட்டால், பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை படுக்கையின் மேல் இறக்கிக்கொண்டிருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள மீனவக் குப்பங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நிறைந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இன்னும் மோசம். அது வெயிலைத் தாமதமே இல்லாமல் கடத்துகிறது. நண்பகலில் அதன் அடிப்பரப்பு உடல் வெப்பத்தைத் தாண்டிச் சூடேறி, தாழ்ந்த கூரைக்கடியில் இருப்பவரின் தலையிலும் தோளிலும் நேராக வீசுகிறது. சுவரில் மாட்டிய சாதாரண வெப்பமானி இதைக் காட்டாது. உருண்டை வெப்பமானிதான் காட்டும்.

சர்மா–அலி குறியீட்டைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தகடு வேய்ந்த அறையில் ஈரக்குமிழ் 27, உருண்டை 36, காற்று அசையவில்லை என்று கொண்டால் விடை 36. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மின்விசிறி சுழன்றால் 34. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் எதிரொளிக்கும் பூச்சோ அடித்து உருண்டையின் அளவு 33-க்கு இறங்கினால், அதே விசிறியுடன் ஏறத்தாழ 32. இதில் எந்த இயந்திரமும் அறையைக் குளிரூட்டவில்லை. ஆனாலும் உடல் உணரும் வெப்பம் நான்கு டிகிரி இறங்கிவிட்டது. கணக்கின் முக்கால் பங்கு உருண்டையில் இருப்பதால் முதல் செலவு கூரைக்கே போக வேண்டும்.

இரண்டாம் பாதி: காற்று

1980-களில் ஃபாங்கர் வெப்பத்திலிருந்து காற்றுக்குத் திரும்பினார். அதுவரை அறைக்காற்றைக் கெடுப்பது மனிதர்களே என்று கருதி, தலைக்கு இவ்வளவு காற்று என்று கணக்கிட்டுவந்தனர். 1858-இல் மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்று வகுத்த எல்லைக்கும் அதுவே அடிப்படை. ஃபாங்கர் கோபன்ஹேகனில் அலுவலகங்களுக்கும் அரங்குகளுக்கும் நடுவர்களை அழைத்துச் சென்று, நுழைந்த கணத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார். ஒரு மனிதர் வெளியிடும் மாசை ஓர் ஓல்ஃப் என்று பெயரிட்டு, மற்ற மூலங்களையும் அதே அலகால் அளந்தார். 1988-இல் வெளிவந்த முடிவு பலரை வியக்கவைத்தது. அந்த அலுவலகங்களில் ஒவ்வொரு மனிதருக்கும் ஈடாக ஆறேழு மனிதர்களின் மாசு தரைவிரிப்பிலிருந்தும் மரச்சாமான்களிலிருந்தும் புகையிலிருந்தும், காற்றைத் தூய்மைப்படுத்த வைத்த குழாய்களிலிருந்துமே வந்துகொண்டிருந்தது. மாசை உண்டாகும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்ற கொள்கை இதிலிருந்து வலுப்பெற்றது. 1999-இல் அவரது குழு, பழைய தரைவிரிப்பு ஒன்றைச் சோதனையில் பங்கேற்றவர்களுக்குத் தெரியாமல் அறையில் வைத்தும் எடுத்தும் பார்த்தது. அது இருந்தபோது தட்டச்சு வேகம் 6.5 சதவீதம் குறைந்தது.

சென்னைக்கு இவற்றைவிட நெருக்கமான ஒரு முடிவு 1998-இல் வந்தது. ஃபாங், கிளாவ்சன், ஃபாங்கர் மூவரும், ஒரே வேதியியல் கலவையுள்ள காற்றை வெவ்வேறு வெப்பத்திலும் ஈரத்திலும் முகரச் செய்தனர். வெப்பமும் ஈரமும் ஏற ஏற அதே காற்று பழையதாக, மூச்சடைப்பதாகத் தோன்றியது. புழுங்கும் அறையில் காற்றே இல்லை என்று மக்கள் சொல்வது மூக்கின் உள்தோல் குளிராததால் வரும் உணர்வு. மறுபக்கமும் உண்டு. ஏ.சி. அறையின் குளிர்ந்த உலர்ந்த காற்று தூசி நிறைந்ததாக இருந்தாலும் தூயது போலத் தோன்றும். மாசை அறிய மூக்கை நம்பிப் பயனில்லை, கருவி வேண்டும்.

ஜன்னல் வழியே வருவது

வட சென்னையின் வரைபடத்தைக் காற்றின் திசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மணலியில் 1960-களில் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அவற்றைச் சுற்றி வளர்ந்த வேதிப்பொருள் ஆலைகளும் திருவொற்றியூருக்கு மேற்கே உள்ளன. கோடைக் காலையில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று அவற்றின் புகையைக் கடலோரக் குடியிருப்புகளின் மேல் கொண்டுவருகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகும்போது திசை மாறுகிறது. துறைமுகத்தின் மேலாக வரும் காற்று இராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் செல்கிறது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் கையாளப்பட்ட காலத்தில் அப்பகுதி வீடுகளின் தரையும் உலர்த்திய துணியும் கறுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 மே மாத ஆணைக்குப் பின், அந்த ஆண்டு அக்டோபர் முதல் அச்சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறின. இராயபுரத்துக்கு அது மெய்யான விடுதலை; எண்ணூருக்கு அது கூடுதல் சுமை.

வடகிழக்குப் பருவத்தில் காற்று வடக்கிலிருந்து இறங்குகிறது. அத்திப்பட்டிலுள்ள வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் அப்போது நகருக்குக் காற்றுமுகத்தில் நிற்கின்றன. 450 மெகாவாட் திறனுடன் 1970 முதல் இயங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆயினும் சாம்பல் கழிமுகத்திலும் சாம்பல் குளங்களிலும் கிடக்கிறது. காய்ந்த நாட்களில் அது செப்பாக்கம் போன்ற ஊர்களின் சோற்றுத்தட்டு வரை வருகிறது. இவற்றோடு துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரியையும் சேர்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் மணலிக்கு 76.32 என்ற மாசுக் குறியீட்டை வழங்கி, கடுமையாக மாசுற்ற பகுதிகளின் பட்டியலில் வைத்தது.

கடற்காற்று எப்போதும் தூய்மை தரும் என்ற நம்பிக்கைக்கு இயற்பியல் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. உயர்ந்த புகைபோக்கியின் புகை கடலோரத்தில் கலங்காத, குளிர்ந்த காற்றடுக்கில் அப்படியே மிதந்து செல்லும். நிலத்தின் மேல் நகரும்போது அடியிலிருந்து சூடேறும் காற்று கலங்கத் தொடங்கி மேலே உயர்கிறது. அது புகையின் மட்டத்தைத் தொட்டதும் புகை முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். ஆலையை ஒட்டிய தெரு தப்பித்து, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தெரு பாதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

வீட்டுக்குள்ளேயே உண்டாவதும் குறைவல்ல. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொசுவர்த்திச் சுருள் இல்லாத இரவு அரிது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களில் 2003-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. வகுப்பறைகளில் நிலைமை வேறு. சென்னையில் சாலையோரப் பள்ளி ஒன்றின் அறைக்காற்றைச் சித்ராவும் சிவ நாகேந்திராவும் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். பிள்ளைகளின் நடமாட்டமே தரைத்தூசியை மறுபடி மறுபடி எழுப்பும் என்பதால் வகுப்பறையை ஈரத்துணியால் துடைப்பதும் ஒரு பொறியியல் நடவடிக்கைதான்.

நுண்தூசி உடலை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2018-இல் காட்டியது. தமிழ்நாட்டில் 1,285 தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்ததில், கர்ப்ப காலத்தில் தாய் சுவாசித்த நுண்தூசி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது.

ஜன்னலின் இரண்டு வேலைகள்

திறந்த ஜன்னல் இரண்டு வேலைகளைச் செய்கிறது: உடலின் மேல் காற்றை வீசச் செய்கிறது, அறையின் பழைய காற்றை வெளியேற்றிப் புதிய காற்றைக் கொண்டுவருகிறது. வெப்பத்துக்குத் தேவை முதலாவது. மூச்சுக்குத் தேவை இரண்டாவது. முதலாவதற்கு நிறைய காற்று வேண்டும், ஆனால் அது புதியதாக இருக்கத் தேவையில்லை. இரண்டாவதற்குப் புதிய காற்று வேண்டும், ஆனால் கொஞ்சம் போதும். ஃபாங்கரின் இரு பாதிகளையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள வேறுபாடு இது.

பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில், கொள்ளளவு 28 கன மீட்டர். நான்கு பெரியவர்கள் அதில் தூங்கினால் மணிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவர். கதவும் ஜன்னலும் இறுக மூடியிருந்தால் ஒரே மணி நேரத்தில் அதன் செறிவு பத்து லட்சத்தில் 1,700 பங்குக்கு மேல் ஏறும். ஸ்பிளிட் ஏ.சி. இதைத் தீர்க்காது. அது அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அதன் வலை முடியையும் நூலையும் பிடிக்குமே தவிர நுண்தூசியைப் பிடிக்காது. ஆகவே முழுக்க மூடுவது தீர்வாகாது.

தலைக்கு வினாடிக்கு ஏழெட்டு லிட்டர் புதிய காற்று என்று வைத்தால், இந்த நால்வருக்கு மணிக்கு ஏறத்தாழ 110 கன மீட்டர் போதும். அதாவது அறையின் காற்று மணிக்கு நான்கு முறை மாறினால் போதும். சுவரின் உச்சியில் உள்ள வென்டிலேட்டரும் சிறு எக்ஸாஸ்ட் விசிறியும் இதைச் செய்துவிடும். கடற்காற்றில் அகலத் திறந்த ஜன்னலோ மணிக்கு இருபது முறைக்கு மேலும் மாற்றும். மணிக்கு 200 கன மீட்டர் காற்றை வடிகட்டும் கருவி ஒன்று அறையில் ஓடுவதாகக் கொண்டால், வென்டிலேட்டர் மட்டும் திறந்த அறையில் வெளித்தூசியில் 36 சதவீதம்தான் தங்கும். ஜன்னல் அகலத் திறந்த அறையில் 74 சதவீதம் தங்கும். வெப்பத்தைத் தணிக்கும் வேலையை வெள்ளைக் கூரையிடமும் மின்விசிறியிடமும் கொடுத்துவிட்டால், காற்று நல்ல திசையில் வரும் நேரங்களில் ஜன்னலை அகலத் திறக்கவும், மற்ற நேரங்களில் மூச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் விடவும் முடியும்.

வடிகட்டும் கருவியும் அதன் மின்கட்டணமும் குப்பத்துக் குடும்பம் தாங்கும் செலவல்ல. அச்செலவை அந்தக் குடும்பத்தின் மேல் சுமத்துவது நியாயமும் அல்ல. தூசி அவர்கள் உண்டாக்கியதல்ல. பொதுப்பணம் முதலில் போக வேண்டிய அறைகள் அங்கன்வாடி, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், பிரசவ வார்டு ஆகியவை. அங்கே குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நாளின் பெரும் பகுதியைக் கழிக்கிறார்கள்.

கசிவு நேரும் இரவு

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் அருகிலுள்ள ஊர்களிலும் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய வேளைகளுக்கு உலகெங்கும் தரப்படும் முதல் அறிவுரை, வீட்டுக்குள் இருந்து கதவு, ஜன்னல்களை மூடுங்கள் என்பது. காற்று மணிக்கு ஒருமுறை மட்டும் மாறும் இறுக்கமான வீட்டில், வெளியிலுள்ள வாயுவின் செறிவில் 63 சதவீதம் உள்ளே சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கசிவை அடைத்துவிடலாம். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே கையளவு இடைவெளி விட்டு வேய்ந்த வீட்டில் காற்று மணிக்குப் பத்து முறை மாறும். அதே அளவு சேர ஆறே நிமிடம் போதும். கோடையில் அந்த வீட்டை வாழத்தக்கதாக வைத்திருக்கும் இடைவெளியே அன்றிரவு அதைப் பயனற்ற புகலிடமாக்கியது. எனவே ஆலைகளை அடுத்த ஊர்களில், சில மணி நேரம் இறுக மூடக்கூடிய ஒரு கான்கிரீட் கட்டடமாவது நடந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். புயல் காப்பகங்களும் பள்ளிகளும் இதற்கேற்ற கதவுகளோடு அமைக்கப்படலாம். எச்சரிக்கைச் சங்கு, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் ஆகியவையும் ஊருக்குள்ளேயே வேண்டும்.

வேலையிடங்கள்

ஆலைக் கூடங்களில் சுகம் என்ற சொல்லே பின்னுக்குப் போய், உயிர்ப் பாதுகாப்பு முன்னுக்கு வருகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காற்றோட்டம், வெப்பநிலை, தூசி, புகை ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகளை வைத்தது. அதன்பின் கட்டப்பட்ட ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றும், 4.2 மீட்டருக்கு மேலுள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் வகுத்தது. உழைப்பவரின் வெப்பச் சுமையை அளக்க இன்று வழங்குவது, யாக்லூவும் மினார்டும் 1957-இல் அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களுக்காக அமைத்த அளவுகோல். கூரைக்கடியில் ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கு, உருண்டைக்குப் பத்தில் மூன்று பங்கு. சென்னை போன்ற ஈரமான கடற்கரையில் அந்த ஏழு பங்கு வேலை தொடங்கும் முன்பே நிறைந்துவிடுகிறது.

ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழு இந்தியப் பணியிடங்களில் பல ஆண்டுகளாக இதை அளந்துவருகிறது. தமிழ்நாட்டு உப்பளங்களில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 352 தொழிலாளர்களில் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டது. எண்ணூரின் வார்ப்படச் சாலைகளிலும், நிலக்கரி இறக்கும் துறைமுகத் தளங்களிலும், கப்பலின் சரக்கறைகளிலும் வெப்பமும் தூசியும் சேர்ந்தே தாக்குகின்றன. உலை அருகே நிற்பவருக்குக் கூரை விசிறி மட்டும் போதாது. கதிர்வீச்சைத் தடுக்கப் பளபளப்பான அலுமினியத் திரை வேண்டும், மணல் தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். அங்கே முகக்கவசம் ஒன்றையே தீர்வாக வைத்தால், அது மூச்சின் வெப்பத்தைக் கூட்டி, தொழிலாளி அதைக் கழற்றிவிடுவதில்தான் முடியும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வேலை நேரத்தை மாற்றுவது, நிழலும் தண்ணீரும் தருவது ஆகியவற்றை இனி சலுகையாகக் கருத இடமில்லை.

அளப்பது

மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களிலுள்ள கண்காணிப்பு நிலையங்கள் வெளிக்காற்றின் அளவை மணிக்கு மணி பொதுவில் வெளியிடுகின்றன. நுண்தூசிக்கு இந்திய ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. இரண்டு எண்களும் வெளிக்காற்றின் அளவோடு ஒப்பிடப்படுகின்றன. மக்கள் நாளின் பெரும் பகுதியைக் கழிப்பதோ அறைக்குள். அந்த நிலையங்களுக்குத் துணையாக, அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளிலும் வகுப்பறைகளிலும் உருண்டை வெப்பமானி, ஈரப்பதமானி, காற்று வேகமானி, கரியமில வாயு உணரி, நுண்தூசி உணரி ஆகிய ஐந்தும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஒரு கருவியை மட்டும் வைத்தால் ஜன்னல் திறந்திருப்பது நல்லதா கெட்டதா என்பதற்குத் தவறான விடையே கிடைக்கும். உணரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தரமான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தவும் வேண்டும். ஈரமான காற்றில் மலிவான தூசி உணரிகள் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். ஜன்னல் எப்போது திறந்தது, எப்போது மூடியது, சுருள் எப்போது கொளுத்தப்பட்டது என்பதை வீட்டாரே எழுதிவைக்கலாம். சித்திரையின் மேல்காற்றில் தொடங்கி, கடற்காற்று மாதங்களையும் வடகிழக்குப் பருவத்தையும் கடந்து, மார்கழி, தை மாதப் பனிமூட்ட இரவுகள் வரை அளந்தால்தான் ஓர் அறையின் ஆண்டுக் கணக்கு முழுமையாகும்.